திரினிடாட் தீவில் ஊர் சுற்ற வேண்டுமா?

தோட்ட வேலைக்காக நம்மவர் கடல் கடந்து போன நாடுகளில் ஒன்று, மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள திரினிடாட். அங்கே முதல் கப்பல் கரை சேர்ந்தது 1845-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள். 1917 வரை ஏறத்தாழ 143,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய வடநாட்டார். சென்னையிலிருந்து போன தமிழரும் உண்டு. அவர்களின் வழிவந்தோர் தமிழ்ப் பேச்சை இழந்துவிட்டாலும் மாரியம்மனையும் மதுரைவீரனையும் இன்னும் வணங்குகிறார்கள்.

திரினிடாட்டும் பக்கத்துத் தீவான டொபாகோவும் சேர்ந்தது ஒரே நாடு. மொத்தப் பரப்பு 5,128 சதுர கிலோமீட்டர். நம் பகாங் மாநிலத்தில் ஏழில் ஒரு பங்குதான். வாகனங்கள் நம் நாட்டைப் போலவே இடப்பக்கம் ஓடும்.

அங்கே ரயில் கிடையாது. 1876-இல் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து அரிமாவுக்கு ஓடத் தொடங்கிய ரயில், 1968-இல் நின்றுபோயிற்று. ஆனால் அந்தப் பாதை வீணாகவில்லை. தண்டவாளம் கிடந்த இடத்தில் பஸ்களுக்கும் மாக்சி டாக்சிகளுக்கும் தனிச்சாலை போட்டுவிட்டார்கள். பழைய ரயில் நிலையம்தான் இன்று பெரிய பஸ் நிலையம்.

மாக்சி டாக்சி என்பது நம் மினி பஸ் போன்றது. வெள்ளை வண்டியின் பக்கவாட்டில் வண்ணப் பட்டை தீட்டியிருப்பார்கள். சிவப்புப் பட்டை கிழக்கே அரிமா பக்கம் போகும். பச்சைப் பட்டை தெற்கே சகுவானஸ், சான் பெர்னாண்டோ ஊர்களுக்கு. தலைநகரைச் சுற்றி மஞ்சள், டொபாகோவில் நீலம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டியும் வண்ணம் பார்த்து ஏறிவிடலாம் அல்லவா?

அடுத்தது வழித்தட டாக்சி. சாதாரணக் கார்தான், குறிப்பிட்ட பாதையில் ஆள் சேர்ந்ததும் புறப்படும். கட்டணத்தைப் பயணிகள் பங்கிட்டுக்கொள்வதால் செலவு குறைவு. ஏறியதும் உள்ளே இருப்பவர்களுக்குக் காலை வணக்கமோ மாலை வணக்கமோ சொல்வது அங்குள்ள மரியாதை. சொல்லாமல் உட்கார்ந்தால் முகம் சுளிப்பார்கள்.

இங்கேதான் கவனம் தேவை. முறையான டாக்சியின் எண் பலகை 'எச்' என்ற எழுத்தில் தொடங்கும். 'பி' என்று தொடங்குவது சொந்தக் கார். அதையும் சிலர் வாடகைக்கு ஓட்டுவார்கள். நாம் 'கெரெத்தா சாப்பு' என்போமே, அதுதான். அத்தகைய கார்களில் ஏறி வழிப்பறிக்கு ஆளானவர்கள் உண்டு. அவசரமானாலும், இரவானாலும், பலகையைப் பார்க்காமல் கதவைத் திறக்காதீர்கள்.

அரசாங்க பஸ்ஸில் ஏறுமுன்பே டிக்கெட் வாங்கிவிட வேண்டும். ஓட்டுநர் காசு வாங்கமாட்டார். தலைநகரிலிருந்து சான் பெர்னாண்டோவுக்குக் கடல் வழியாகவும் போகலாம். 2008 முதல் படகு ஓடுகிறது. சாலை நெரிசலுக்கு அது நல்ல மாற்று. டொபாகோவுக்கு விமானத்தில் 25 நிமிடம். கப்பலில் சில மணி நேரம் பிடித்தாலும் பணம் மிச்சமாகும்.

போகிறவர்கள் வாட்டர்லூ கடற்கரையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பச்சைப் பட்டை வண்டியில் சகுவானஸில் இறங்கி, அங்கிருந்து டாக்சி பிடிக்க வேண்டும். அங்கே சிவதாஸ் சாது என்ற கரும்புத் தோட்டத் தொழிலாளி 1947-இல் ஒரு சிறு கோயில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனிக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தது. அவர் 14 நாள் சிறையில் இருந்தார்; கோயிலும் இடிபட்டது. நிலம்தானே கம்பெனியுடையது, கடல் யாருடையது? சைக்கிளில் கல்லும் சிமெண்டும் சுமந்து, கடலுக்குள்ளேயே பாதை போட்டுக் கோயில் எழுப்பினார். பல ஆண்டு உழைப்பு அது. அலைகள் அரித்த அக்கோயிலை 1990-களில் அரசாங்கமே எடுத்துக் கட்டியது.

இன்று அங்கே போக டாக்சி இருக்கிறது. ஆனால் கடலுக்குள் நீளும் அந்தப் பாதைக்கு வந்ததும் இறங்கி நடந்து செல்லுங்கள். ஒரு தொழிலாளியின் சைக்கிள் எவ்வளவு தூரம் போகும் என்பதை அங்கே உங்கள் பிள்ளைகளும் தெரிந்துகொள்வார்கள்.