இரண்டு இன்ச் ஏற்றினால்

வால்பாறைப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை இரண்டு இன்ச் உயர்த்திக்கொண்டார். தோட்டப் பாதையில் கல் அடியில் இடிக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். பார்க்க எடுப்பாக இருக்கும் என்பது சொல்லாத காரணம். சில நாளிலேயே டேஷ்போர்டில் வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. எண்பதைத் தாண்டினால் வண்டி ரோட்டில் அலைந்தது. நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கைச் சற்று வலப்பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தது. வண்டியை உயர்த்தும் கிட்டை விற்றவர், "அலைன்மெண்ட் பாருங்க" என்றார். அலைன்மெண்ட் பார்த்த இடத்தில், "சென்சர் போயிருக்கும்" என்றார்கள். சென்சரை மாற்றிப் பார்த்தும் விளக்கு அணையவில்லை. கடைசியில், கோவை சத்தி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், லாரிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு ஷெட்டைப் பற்றி யாரோ சொல்ல, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

நம் ஊரில் பிக்கப் என்றால் நெடுநாளாகத் தக்காளிக் கூடை ஏற்றும் வண்டிதான். 2016-இல் இசுசு நிறுவனம் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து வி-கிராஸைக் கொண்டுவந்த பிறகுதான், குடும்பத்தோடு ஏறிக் கல்யாணத்துக்குப் போகிற பிக்கப் என்று ஒரு இனம் பரவலாகத் தெரிய வந்தது. 2022-இல் ஹைலக்ஸ் வந்தது. ஆஸ்திரேலியாவிலும் தாய்லாந்திலும் ஊறிப்போன லிஃப்ட் கிட் மோகமும் பின்னாலேயே வந்துவிட்டது. முன்னால் உயரமான ஸ்பிரிங், பின்னால் வளைவு கூடிய பட்டை செட்டு. கிட் என்பது முக்கியமாக அவ்வளவுதான்.

ஷெட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு குழி, இரண்டு ஜாக்கி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய 3டி அலைன்மெண்ட் மெஷின், சுவரில் ஒரு ஆணியில் சுற்றித் தொங்கும் நூல்கண்டு. நடத்துகிறவரை எல்லாரும் சங்ககிரி அண்ணன் என்கிறார்கள். அறுபதை நெருங்குகிறார். வீட்டில் படிக்க வைக்க வழியில்லாமல் சின்ன வயதிலேயே சங்ககிரியில் லாரிப் பட்டறைக்கு அனுப்பப்பட்டவர். முதலில் டீசலில் ஸ்பேர் கழுவுகிற வேலை. பிறகு பட்டை செட்டு இறக்கி ஏற்றுவது. அப்புறம்தான் நூலைக் கையில் கொடுத்தார்களாம். வண்டியின் இரு பக்கமும் முன்னிருந்து பின்வரை நூல் இழுத்துக் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து எத்தனை மில்லி என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பது. அன்றைக்கு அலைன்மெண்ட் என்றால் அதுதான்.

"நூலு ஒரு மில்லி தளர்ந்தா மேஸ்திரி ஸ்பேனர்லயே போடுவாருங்க," என்று கை மூட்டைக் காட்டினார். சிரிக்கவில்லை.

ஸ்கேனரை எடுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்தார். சிமெண்ட் தரையின் ஒரு முனையில் கொட்டிவிட்டு, "மெதுவா நேரா வாங்க தம்பி, ஸ்டீயரிங்க அசைக்காதீங்க" என்று நண்பரிடம் சொன்னார். வண்டி கடந்த பிறகு குனிந்து டயர் தடத்தைப் பார்த்தார். முன் சக்கரத் தடத்தின் மேல் பின் சக்கரத் தடம் ஏறக்குறைய ஒட்டி விழ வேண்டும். விலகினாலும் இரு பக்கமும் சமமாக விலக வேண்டும். இங்கே பின் தடங்கள் இரண்டும் வலப்பக்கமாக ஒதுங்கியிருந்தன. வண்டி நண்டு போல உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டுதான் நேராக ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நூல் கட்டினார். பின் ஆக்சிலின் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட எட்டு மில்லி பின்னால் இருந்தது. ஒன்றரை மீட்டர் அகலத்தில் எட்டு மில்லி என்றால் 0.3 டிகிரிதான் வரும். ஆனால் மூன்று மீட்டருக்கு மேல் நீளமான வீல்பேஸில் அது பதினாறு மில்லி விலகலாகிவிடும். ஸ்டீயரிங் வீலில் நாலைந்து டிகிரியாகத் தெரியும். நண்பர் வலப்பக்கம் திருப்பிப் பிடித்தது இதைச் சரிக்கட்டத்தான்.

குழியில் இறங்கி, பட்டை செட்டை ஆக்சிலோடு கட்டும் யூ-போல்ட்டைத் தளர்த்தியபோது காரணம் கிடைத்தது. பட்டைகளைச் சேர்த்துக் கட்டும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சில் மேலிருக்கும் குழியில் உட்கார வேண்டும். வலப்பக்கம் அது குழியில் இறங்காமல் விளிம்பில் ஏறி நின்றது. கிட் பொருத்தியவர்கள் அதைப் பார்க்காமல் ஏர் கன்னில் அடித்து முடுக்கிவிட்டார்கள். இதில் வேடிக்கை ஒன்று உண்டு. முன்பு அலைன்மெண்ட் பார்த்த இடத்து 3டி மெஷின் இந்தக் கோணலைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தது. நண்பர் மடித்து வைத்திருந்த பிரிண்டில் பின் ஆக்சில் எண் சிவப்பில் இருந்தது. பின்னால் முடுக்கித் திருத்த எதுவும் கிடையாது என்பதால் அந்தப் பகுதியை யாரும் படிக்கவே இல்லை.

மஞ்சள் விளக்கின் கதையும் இங்கிருந்தே தொடங்குகிறது. ஸ்டீயரிங் தண்டில் ஒரு சென்சர், வீல் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்கிறது. சீட்டுக்கு அருகே தரையில் இன்னொன்று, வண்டி உண்மையில் திரும்புகிறதா என்று சொல்கிறது. நாலு சக்கரத்திலும் வேகம் சொல்ல ஆளுக்கொன்று. ஓட்டுநர் வலப்பக்கம் திருப்புகிறார் என்கிறது முதலாவது. திரும்பவே இல்லை என்கின்றன மற்றவை. யாரை நம்புவதென்று தெரியாத கம்ப்யூட்டர், சறுக்கலைத் தடுக்கும் வேலையையே நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடுகிறது. எந்த சென்சரும் கெட்டிருக்கவில்லை. எல்லாம் பார்த்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

"சில ஷெட்டுல ஸ்டீயரிங்கக் கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டி, நேரா நிக்குது பாருங்கம்பாங்க," என்றார் அண்ணன். "அது ஏமாத்து வேலைங்க. ஒரு பக்கம் அதிகமா ஒடியும், இன்னொரு பக்கம் கம்மியா ஒடியும். பின்னாடி இருக்கற கோணல் அப்படியேதான் இருக்கும்."

பின்பக்கம் உட்கார்ந்த பிறகுதான் முன்பக்கத்துக்கு வந்தார். வீலை நேராக வைத்துக் கம்பி போட்டுப் பூட்டிவிட்டு, இரண்டு டை ராடையும் சரிசமமாகத் திருகினார். அலைவதற்குக் காரணம் காஸ்டர் எனப்படும் பின்சாய்வு குறைந்ததுதான் என்றார். வண்டியை உயர்த்தும்போது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் மூட்டு பின்சாய்வை இழக்கிறது. அந்தச் சாய்வுதான் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங்கைத் தானாக நடுவுக்குக் கொண்டுவருகிறது. கீழ் ஆர்மின் கேம் போல்ட்டைக் கடைசி வரை திருப்பியும் பழைய எண் வரவில்லை. மீதிக்கு வேறு அளவிலான மேல் ஆர்ம் போட வேண்டும். கிட் விற்றவர் அதைப் பற்றி மூச்சுக்கூட விட்டிருக்கவில்லை.

ஸ்கேனர், ஷெட்டில் இருந்த பையனின் வேலை. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் முடித்தவன். அவன் எந்தெந்த மெனுவுக்குள் போனான் என்பது எனக்குப் பிடிபடவில்லை. மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி சென்சர்களுக்கு ஜீரோ கற்பிக்கிற அந்தச் சில நொடிகள் மட்டும் நினைவிருக்கின்றன. நான் கதவில் சாய்ந்தேன். "தொடாதீங்க சார்!" என்று கத்தினான். அந்த நேரத்தில் வண்டி அசைந்தால் அசைவையே ஜீரோ என்று எடுத்துக்கொள்ளுமாம்.

எல்லா விளக்கும் இப்படி எரிவதில்லை. பக்கத்தில் நின்ற வி-கிராஸில் இடப்பக்கம் முழுக்க ஒடித்தால் மட்டும் ஏபிஎஸ் விளக்கு வந்தது. உயர்த்திய பிறகு சக்கரத்துக்குப் போகும் ஒயர் நீளம் பற்றாமல் விறைத்து நின்று, வெளித்தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே அறுந்திருந்தது. பையன் மீட்டரை மாட்டிவிட்டு ஸ்டீயரிங்கை ஒடிக்க ஒடிக்க, முள் விழுவதைக் காட்டினான். ஒயரை மாற்றி, கிளிப்பைக் கீழே இறக்கி மாட்டினால் போதும். பிரேக் ஹோஸுக்கும் இதே கதி நேரலாம். அது நேர்ந்தால் விளக்கோடு போகாது.

இனி பணம். நண்பர் கிட்டுக்குக் கொடுத்தது ஒன்றரை லட்சத்துக்கு மேல். கிட்டைத் தருவித்தவர், அவருக்கு ஆள் பிடித்துக்கொடுத்தவர், இன்ஸ்டாகிராமில் வண்டி கல்மேல் ஏறுகிற வீடியோ போட்டவர் என்று ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு. அண்ணன் முழுநாள் வேலைக்குக் கேட்டது நாலாயிரம். அதற்கும் ஐந்நூறு குறைக்கச் சொன்னார் நண்பர். நான் குறுக்கே பேசவில்லை, ஆனால் முகம் சுளித்தேன். பெட்டியில் வரும் இரும்புக்குப் பேரம் பேசாத கை, குழியில் இறங்குகிறவனின் கூலியில் வந்து நிற்கிறது. ஏதாவது கோளாறு என்றால் முதல் பழியும் குழிக்குத்தான்: "அலைன்மெண்ட் சரியில்ல." விற்றவர் போனை எடுக்கமாட்டார்.

சட்டமும் நடைமுறையில் விற்பவனைத் தொடுவதாகத் தெரியவில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதியும் செய்தது. ரோட்டில் மடக்கினால் மாட்டுவது வண்டிக்காரர். விபத்து என்று வந்தால் கடைசியாகக் கை வைத்த ஷெட்டையும் இழுப்பார்கள். அண்ணனுக்கு இது தெரியும். "நான் ஏத்தறதில்லீங்க. ஏத்திட்டு வந்தா நேரா ஓட வெச்சு அனுப்பறேன். அப்படியே விட்டா எதிர்ல வர்றவன்தானே சாவான்?" என்றார். இந்த நியாயத்தை எந்த அதிகாரி ஏற்பார் என்று தெரியவில்லை. நான் ஏற்கிறேன்.

நீலாம்பூர் பைபாஸில் ஓட்டிப் பார்த்தோம். விளக்கு வரவில்லை. ஸ்டீயரிங் நேராக நின்றது. தொண்ணூறுக்கு மேல் கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. காஸ்டர் குறை அது. திரும்பி வந்ததும் அண்ணன் பிரிண்டில் காஸ்டர் எண்ணைச் சுழித்து, ஐந்நூறு கிலோமீட்டரில் யூ-போல்ட் மறுபடி முடுக்க வேண்டும் என்று கையால் எழுதிக் கொடுத்தார்.

நண்பர் அதை வாங்கி மடித்துக்கொண்டே, "அண்ணா, அடுத்து டயர் பெருசா போடலாம்னு இருக்கேன்," என்றார்.

"என்ன நம்பருங்க?"

"265/60 இருக்குதுங்க. 285/65 போடலாம்னு. ரிம்மு அதே பதினெட்டுதான்."

அண்ணன் பிரிண்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். "மீட்டர் நூறு காட்டறப்ப வண்டி நூத்தியேழு போகும். ஒடிக்கறப்ப உள்ள உரசும். அப்புறம் இன்னொரு இன்ச் ஏத்தணும்பீங்க." பேனாவை மூடிப் பையனிடம் நீட்டினார். "கண்ணு, தம்பிக்கு பில்லப் போடு. நாலாயிரமே போடு."