பேசாத பெட்டி

மிக்ஸி ஓடவில்லை என்றால், "மிக்ஸி செத்துவிட்டது" என்று நாம் உடனே சொல்லிவிடுவதில்லை. ப்ளக்கை அழுத்திப் பார்க்கிறோம். ஸ்விட்சைப் பார்க்கிறோம். ஜார் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று திருகிப் பார்க்கிறோம். அதற்குப் பிறகுதான் ரிப்பேர்க்காரரைத் தேடுகிறோம். இந்தச் சமயோசிதம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் 'கம்ப்யூட்டர்' என்று பெயரைச் சொன்னால் போதும், அது எங்கேயோ ஓடி ஒளிந்துகொள்கிறது. "அதெல்லாம் நமக்கு என்ன தெரியும்?" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறோம்.

சகோதரிகளே, அப்படி நிற்க வேண்டியதில்லை. பழவேற்காட்டில் ஒரு மீனவக் குப்பத்துப் பெண் எனக்கு அதைக் காட்டினாள்.

நான் பௌதிகம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சென்னைக்கு வடக்கே பொன்னேரி வழியாகப் போனால், 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய அந்த ஊர் வரும். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உப்புநீர் ஏரி அதுதான். பூநாரை பார்த்துவிட்டு, நண்டு வறுவலை ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்புகிற நமக்கு அது ஓர் உல்லாசத்தலம். அங்கே இருக்கிறவர்களுக்கோ அது அன்றாடம் பிழைக்கும் இடம். ஏரியிலிருந்து கடலுக்குப் போகிற படகு முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். அங்கே மணல் ஒரு நாள் இருந்த இடத்தில் மறுநாள் இருப்பதில்லை. அலை உயர்ந்த நாளில் அந்த வாசலில்தான் படகு புரளும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விடியற்காலையில் புருஷனை அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிற பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

என் மாணவியின் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவன் ஒரு பெட்டி செய்திருந்தான். அதற்குள் இருப்பது 'ராஸ்பெரி பை' என்கிற ஒற்றைப் பலகைக் கணினி. 2012-ம் வருஷம் இங்கிலாந்தில் பிள்ளைகள் படிப்பதற்காக விற்பனைக்கு வந்தது. ஒரு கம்ப்யூட்டருக்கு வேண்டிய அத்தனையும், நம் ஏ.டி.எம். அட்டை அளவுள்ள ஒரே பலகையில் அடக்கம். ஐதராபாத்தில் 1999-ல் தொடங்கப்பட்ட இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் தினமும் கடலின் நிலவரத்தை வெளியிடுகிறதல்லவா? பையனின் பெட்டி அதை எடுத்துக்கொண்டு, "இன்று அலை அதிகம், கடலுக்குப் போக வேண்டாம்" என்று கோயில் ஒலிபெருக்கியில் சொல்லும். குரல் யாருடையது தெரியுமா? அவன் அம்மாவுடையது! வாக்கியங்களை அவளைப் பேசச் சொல்லிப் பதிவு செய்திருந்தான்.

ஒரு நாள் அவளிடமிருந்து டெலிபோன் வந்தது.

"டீச்சர், பொட்டி செத்துப்போச்சு. மூணு நாளா பேச்சே இல்ல. கடைக்காரரு, 'போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கு'ன்றாரு. நேத்து அலை அடிச்சப்போ எங்க வூட்டுக்காரரு, 'பொட்டிதான் ஒண்ணும் சொல்லலியே'ன்னு கெளம்பிட்டாரு டீச்சர்."

நல்லவேளையாக அவர் திரும்பி வந்துவிட்டார். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாளே கைப்பையில் மல்டிமீட்டரைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

பலகையில் இரண்டு சிறு விளக்குகள் உண்டு. சிவப்பு விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். பச்சை விளக்கு மினுக்கினால், கணினி தன் நினைவு அட்டையைப் படிக்கிறது என்று அர்த்தம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் நெற்றியையும் நாக்கையும் பார்க்கிறோமே, அது மாதிரி இந்த இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்தது. ஆனால் பெட்டி பேச முயலும்போதெல்லாம் மினுக்கென்று அணைந்து மீண்டும் எரிந்தது. எனக்குப் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது. இது சாவு இல்லை, பசி!

இந்தப் பலகைக்கு 5 வோல்ட் வேண்டும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிவப்பு விளக்கு அணைந்து, 'எனக்குப் போதவில்லை' என்று தெரிவிக்கும். மீட்டரை வைத்துப் பார்த்தேன். சார்ஜர் முனையில் 5.1 இருந்தது. அதே மின்சாரம் மூன்று மீட்டர் ஒயரைத் தாண்டிப் பலகைக்கு வந்து சேரும்போது 4.8. ஒலிபெருக்கிக்கான சிறு ஆம்ப்ளிஃபயரும் அதே பலகையிலிருந்துதான் மின்சாரம் எடுத்துக்கொண்டது. அது முழங்க ஆரம்பித்ததும் 4.5!

இது என்ன மாயம் என்கிறீர்களா? மாயமே இல்லை. மொட்டை மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஆனால் குழாய் ஒல்லி. ஒரு குழாயைத் திறந்தால் நன்றாகக் கொட்டுகிறது. பக்கத்திலே இன்னொன்றைத் திறந்தால் இரண்டும் சொட்டுகின்றன. தொட்டியைக் குறை சொல்லிப் பயன் உண்டா? இங்கே ஒயர்தான் ஒல்லிக் குழாய். போதாக்குறைக்கு உப்புக்காற்று. ப்ளக்கின் முனையில் பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு! அதுவும் மின்சாரத்தை வழிமறிக்கிறது.

குட்டையான, தடித்த ஒயர் ஒன்று போட்டோம். இந்த மாதிரிப் பலகைக்குச் சொல்லப்பட்டிருக்கும் 2.5 ஆம்பியர் சார்ஜர் மாட்டினோம். ஆம்ப்ளிஃபயருக்குத் தனி சார்ஜர். களிம்பைச் சுத்தம் செய்ய 'ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்' பஞ்சில் நனைத்துத் துடைத்தோம். (தயவு செய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்!) செருப்பு டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இரண்டைப் பெட்டிக்குள் போட்டோம். மின்சாரம் திடீர் திடீரென்று அறுந்ததில் நினைவு அட்டையில் எழுதியிருந்ததும் கெட்டுப் போயிருந்தது. பையன் வேறொரு அட்டையில் புதிதாக எழுதிப் போட்டான். பச்சை விளக்கு படபடவென்று மினுக்கியது. சற்று நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் என் மாணவியின் குரல் கணீரென்று கேட்டது. புதுப் பலகை வாங்கும் செலவு மிச்சம்.

"பெரியவன் எழுந்துட்டான் டீச்சர். சின்னவன்தான் ஒரே அடம்" என்றான் பையன்.

சின்னவன் என்பது படகுத்துறைக் கம்பத்தில் கட்டியிருந்த இன்னொரு சிறு பலகை. 'இஎஸ்பி-32' என்று பெயர். நம் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிற மாதிரி ஒரு மிதவை ஸ்விட்ச் அதனோடு இணைந்திருந்தது. ஏரித் தண்ணீர் ஒரு குறிக்கு மேல் ஏறினால் மிதவை உயரும், ஸ்விட்ச் சேரும், உடனே இவன் பெரியவனுக்குச் செய்தி அனுப்புவான். ஏற்பாடு என்னவோ பிரமாதம்தான். ஆனால் கரண்ட் போய் வந்தால் சில நாள் எழுந்திருப்பான், சில நாள் எழுந்திருக்கவே மாட்டான். கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்து பார்த்தால் சமர்த்தாக வேலை செய்வான். பையன் பத்துத் தடவை சோதித்துவிட்டான். அவனும் சளைக்கவில்லை, பலகையும் பிடி கொடுக்கவில்லை.

"எழுந்திருக்காத நாட்களில் வேறு என்ன விசேஷம்? யோசித்துப் பார்" என்றேன்.

பையன் தலையைச் சொறிந்தான். பதில் வந்தது மீன் கழுவிக்கொண்டிருந்த அவன் அம்மாவிடமிருந்து.

"தண்ணி ஏத்தமா இருக்கறப்போ கரண்டு போச்சுன்னாதான் டீச்சர் இது மொரண்டு பண்ணுது. தண்ணி வத்தலா இருந்தா ஒண்ணும் இல்ல."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஏரியைத் தினமும் பார்க்கிறவள். அது போதுமானதாக இருந்தது.

விஷயம் இதுதான். இந்தப் பலகைகளின் ஓரத்தில் வரிசையாகக் கம்பி முனைகள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு 'பூட் பின்' என்று பெயர். (பூட்டுக்கும் பூட்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!) மின்சாரம் வந்து கணினி கண் விழிக்கிற அந்தக் கணத்தில் இந்த முனைகளை ஒரே ஒரு தடவை பார்க்கிறது. இந்தப் பலகையில் 0 என்ற எண்ணுள்ள முனை அப்படிப்பட்டது. அதில் மின்னழுத்தம் இருந்தால், 'வழக்கமான வேலையைப் பார்' என்று அர்த்தம். இல்லாவிட்டால், 'வேலை வேண்டாம், புதுப் பாடம் வருகிறது, காத்திரு' என்று அர்த்தம்.

விடியற்காலையில் பால்காரர் வருகிறார். வாசலில் பை தொங்கினால் பால் பாக்கெட்டைப் போடுகிறார். தொங்காவிட்டால், 'இன்று வேண்டாம் போலிருக்கிறது' என்று போய்விடுகிறார். அவர் போன பிறகு பையைத் தொங்கவிட்டு என்ன பிரயோஜனம்? பூட் பின் சமாசாரமும் அப்படித்தான்.

பையன் மிதவை ஸ்விட்சை அந்த 0 முனையில்தான் கட்டியிருந்தான். தண்ணீர் தாழ்ந்திருந்தால் ஸ்விட்ச் திறந்திருக்கும், பை தொங்கும், பலகை ஒழுங்காக எழும். தண்ணீர் ஏறியிருந்தாலோ ஸ்விட்ச் சேர்ந்து அந்த முனையில் இருக்கும் மின்னழுத்தத்தை இறக்கிவிடும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் வந்தால், பலகை 'புதுப் பாடம்' வருமென்று விடிய விடியக் காத்துக்கொண்டிருக்கும்! வீட்டில் மிதவைக்குத் தண்ணீர் ஏது? அதனால்தான் அங்கே சமர்த்து. துறையிலே போய் மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தோம். மௌனம். மிதவையை விட்டுவிட்டு மறுபடி கொடுத்தோம். எழுந்துவிட்டான்! ஒயரை 27-ம் முனைக்கு மாற்றி, பாடத்திலும் அந்த எண்ணைத் திருத்தினான் பையன். அது பூட் பின் அல்ல. தொல்லை தீர்ந்தது.

எண்ணிப் பாருங்கள். வெள்ளத்தைச் சொல்ல வைத்த கருவி, வெள்ளம் வந்து கரண்ட் போன அன்று மட்டும் ஊமையாகிவிடும். மற்ற நாளெல்லாம் நன்றாக இருக்கும். அதைவிட ஒரேயடியாகக் கெட்டுப் போன கருவியே மேல்!

இதற்குப் பிறகுதான் முக்கியமான வேலையைச் செய்தோம். அந்தப் பெட்டி ஆபத்து இருந்தால் மட்டும் பேசும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதனால் பெட்டி பேசாவிட்டால் ஆபத்து இல்லை என்று ஊர் நினைத்துக்கொண்டது. என் மாணவியின் கணவர் அலையோடு கிளம்பியது அதனால்தான். பேசாமல் இருப்பதும், 'பயமில்லை' என்று சொல்வதும் ஒன்றா? எனவே அவளைப் புதிதாக ஒரு வாக்கியம் பேசச் சொன்னோம். "இன்று எச்சரிக்கை எதுவும் வரவில்லை. பெட்டி நன்றாக இருக்கிறது." இது தினமும் விடியற்காலை கேட்க வேண்டும். கேட்காவிட்டால், பெட்டிக்கு உடம்பு சரியில்லை. கடலை நேரில் பார்த்து, விசாரித்துத்தான் போக வேண்டும். குப்பத்துப் பெண்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். வெளியூர் போன பிள்ளை தினம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் அல்லவா!

தினமும் பேசுகிற ஒலிபெருக்கியின் மகிமைக்கு நம் கடற்கரையிலேயே சாட்சி உண்டு. 1998-ல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் கணினி அறிவு மையங்களைத் தொடங்கியது. கரண்டை நம்ப முடியாத ஊர்கள் என்பதால் சூரிய மின்சாரத்துக்கும் ஏற்பாடு செய்தார்கள். மீனவ ஊர்களில் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் சொல்லி வந்தார்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு கிராமத்து மனிதர் ஒருவர், செய்தி அறிந்து ஊருக்கு டெலிபோன் செய்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் "ஓடுங்கள்" என்று அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் பிழைத்தார்கள். அந்தக் காலை அந்த ஒலிபெருக்கிக்குப் பசியாக இருந்திருந்தால்?

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இப்படி ஒரு பலகையை வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்கினால், நீங்கள் கேட்க வேண்டியவை சிலதான். விளக்கு எரிகிறதா? ஒயர் தடிப்பானதா, சார்ஜர் போதுமா? கூடக் கட்டியிருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு வெறும் பலகையை மட்டும் எழுப்பினால் எழுகிறதா? எழுந்தால், ஒவ்வொன்றாக மாட்டு; எதை மாட்டியதும் படுத்துக்கொள்கிறது என்று பார். பூட் பின்னில் எதையாவது கட்டியிருக்கிறாயா? எல்லாம் 5 வோல்ட் சமாசாரம், ஷாக் அடிக்காது. சார்ஜரை மட்டும் பிரிக்க விடாதீர்கள். அதற்குள் 230 வோல்ட் இருக்கிறது.

இதற்கெல்லாம் மேலே ஒரு கேள்வி உண்டு. "எழுந்திருக்காத நாளில் வேறு என்ன நடந்தது?" மீன் கழுவுகிற இடத்திலிருந்து அதற்குப் பதில் வந்தது. உங்கள் சமையலறையிலிருந்தும் வரும்.