தோத்தவன்தான் டேபிள் காசு!

தாம்பரம் ஸ்டேஷன்ல இறங்கி கிழக்குப் பக்கம் வாங்க. வேளச்சேரி ரோட்டைப் பிடிச்சு, எம்.சி.சி. மரங்களைத் தாண்டி, சேலையூர் கேம்ப் ரோடு வரைக்கும் ஒரு ஷேர் ஆட்டோ. அங்கே ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல, லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. கதவைத் திறந்தா ஜில்லுனு ஏ.சி., பச்சைத் துணி விரிச்ச மூணு டேபிள், 'டக்... டக்'னு பந்து சத்தம். ஸ்நூக்கர் பார்லருக்கு நல்வரவு!

'அதெல்லாம் பணக்காரங்க ஆட்டம் பாஸ்'னு ஒதுங்கறீங்களா? நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா, ஸ்நூக்கர் நம்ம நாட்டுச் சரக்குங்க! 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி (பிரிட்டன் பிரதமர் வேற ஆளு!) தொடங்கி வைத்த விளையாட்டு. விதிகள் முறையாக எழுதப்பட்டது 1882-ல் நம்ம ஊட்டி கிளப்பில். 2025 நவம்பரில் தோஹாவில் பெண்கள் உலக ஸ்நூக்கர் பட்டம் ஜெயித்த அனுபமா ராமச்சந்திரன், சென்னைப் பொண்ணு!

ஊட்டியில் எழுதாத ஒரு விதியும் இருக்கு. தோத்தவன்தான் டேபிள் காசு கொடுக்கணும்.

வில்லங்கமே அங்கேதான். நல்லா ஆடறவன் தினமும் ஓசியில் ஆடுவான். கத்துக்க வந்தவன் பர்ஸ் காலி. முதல் வாரம் ஒரு சீனியர் அண்ணாகிட்ட வரிசையா தோத்து, மெஸ்ஸுக்கு வெச்சிருந்த காசையும் தொலைச்சேன். நைட்டு டின்னர் பன்னும் டீயும்தான்!

அடுத்த வாரம் மார்க்கர் அண்ணன் ஸ்கோர் போர்டில் என் பேருக்கு நேரா 27-னு எழுதினார். ''ஸ்டார்ட் வெச்சுக்கோ தம்பி!''

அதாவது, ஆட்டம் தொடங்கும்போதே எனக்கு 27 பாயின்ட். ஏன் 27? மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7. கூட்டிப் பாருங்க... 27! ஆறு கலர் பந்தையும் எனக்கு முன்கூட்டியே போட்டுக் கொடுத்த மாதிரி.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. சின்ன வயசுல தெரு கிரிக்கெட்டில் பொடியன்களை 'ஒப்புக்குச் சப்பாணி'யா சேர்த்துக்குவோமே, அது மாதிரி அசிங்கமா இருந்தது. ''வேணாம்ணா''ன்னேன். அவர் சிரிச்சார். ''சப்பாணி அடிச்சா கணக்குல வராது தம்பி. இது கணக்குல வரும்.''

ஆடினோம். டேபிளில் பிங்க், கறுப்பு மட்டும் பாக்கி. நான் 49, அண்ணா 44. அவர் பிங்க்கைப் போட்டு 50 ஆனார். கறுப்பில் எனக்கு ஒரு சான்ஸ்... நழுவ விட்டேன். அவர் போட்டார். 57-49. காசு என்னுதுதான். ஆனா அண்ணா நெத்தியைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்... ''இன்னிக்குத்தாண்டா நீ என்கூட ஆடினே!''

அமெரிக்காவில் இதையே பெரிய லெவலில் செய்கிறார்கள். ஏ.பி.ஏ. என்ற அமெச்சூர் பூல் லீக் 1979-ல் தொடங்கியது. அங்கே 'எய்ட் பால்' ஆட்டத்தில் ஒவ்வொருத்தருக்கும் 2 முதல் 7 வரை ஒரு நம்பர். 7-ஆம் நம்பர் ஆசாமி 2-ஆம் நம்பரோடு மோதினால், இவர் 7 கேம் ஜெயிக்கணும். அவருக்கு 2 போதும்! ஆடுகிற ஐந்து பேரின் நம்பரைக் கூட்டினால் 23-ஐத் தாண்டக் கூடாது. ஆக, ஐந்து சூரப்புலிகளைச் சேர்த்து டீம் கட்ட முடியாது. கத்துக்குட்டிக்கும் டீமில் இடம் உண்டு.

இதுல ஒரு ஓட்டையும் இருக்கு. வேணும்னே மோசமா ஆடினா ஸ்டார்ட் குறையாது இல்லையா? அதனால்தான் ஏ.பி.ஏ. லீக்கில் ஒவ்வொரு ஆட்டமும் எத்தனை இன்னிங்ஸ் போச்சுன்னு எழுதி வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

சரி, உண்மையைச் சொல்லிடறேன். அந்த ஓட்டையில் நானும் நுழைஞ்சேன். ரெண்டு மாசத்துல கை நல்லா பழகிடுச்சு. ஆனா அது செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம். 27 போயிடக் கூடாதுன்னு, சின்னப் பையன் கூட போடக்கூடிய நீலப் பந்தை வேணும்னே விட்டேன். அண்ணா கவனிக்கலை. அந்த ஃப்ரேமை ஜெயிச்சேன். டேபிள் காசு அவர் கொடுத்தார்.

மார்க்கர் அண்ணன் ஒண்ணும் கேட்கலை. போர்டில் இருந்த 27-ஐ விரலால அழிச்சுட்டு 15-னு எழுதினார். அவ்வளவுதான்!

அந்தப் பக்கம் வந்தா படியேறி வாங்க. ஸ்டார்ட் கொடுத்தா கூச்சப்படாம வாங்கிக்கோங்க. அது குறையும்போது மட்டும் சந்தோஷப்படுங்க. எனக்கு இப்போ 10!