வேளாங்கண்ணிச் சாலையில் ஓர் இரவு

தஞ்சையிலிருந்து வேளாங்கண்ணிக்குச் செல்லும் சாலையைப் பகலில் மட்டும் கண்டவர்கள் அதனை முழுமையாகக் கண்டவர்கள் ஆகமாட்டார்கள். ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேற்றம். செப்டம்பர் 7ஆம் நாள் மாலை பெரிய தேர்ப்பவனி. மறுநாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா. அந்தப் பதினொரு நாள்களிலும், அவற்றுக்கு முந்திய சில நாள்களிலும், அச்சாலை பகலில் கண்ணயர்ந்து இரவில் விழித்தெழுகின்றது. கால்நடையாக வரும் திருயாத்திரிகர்கள் வெயில் வேளையைக் கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூடத் தாழ்வாரங்களிலும் மரநிழல்களிலும் கழித்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் புறப்படுகின்றார்கள். அவர்களோடு சேர்ந்து அந்தச் சாலையை இரவில் காண வேண்டும் என்னும் ஆவல் நமக்கு நெடுநாளாக உண்டு.

கொடியேற்றத்துக்கு முந்திய நாள் மாலை ஐந்தரை மணிக்கு நாமும் நண்பர் ஒருவரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் தஞ்சையை விட்டுக் கிளம்பினோம். வேளாங்கண்ணி ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவு. பேருந்தில் சென்றால் உறங்கியே கழித்துவிடக் கூடிய தூரந்தான். ஆனால் இரு சக்கர வண்டியில் அமர்ந்து செல்பவனுக்கு ஒவ்வொரு மைலும் ஒவ்வொரு முகம் காட்டும். சாலியமங்கலத்தைத் தாண்டியபோது கதிரவன் நமது முதுகுக்குப் பின்னே இறங்கிக்கொண்டிருந்தான். இருபுறமும் குறுவை வயல்கள், சில பச்சையாக, சில பழுத்து, சில அறுவடை முடிந்து தாளடியாக. வாய்க்கால் வளைந்தால் சாலையும் வளைகின்றது. வாய்க்காலுக்காகவே போட்ட சாலையோ என்று ஐயுறும்படி இருக்கின்றது.

அந்திப்பொழுது அழகானதுதான். சாலையில் செல்பவனுக்கோ அதுவே ஏமாற்றும் பொழுது. முழு இருட்டில் விளக்கைப் போட மறப்பவர் மிகச் சிலர். அந்தி மயக்கத்தில் மறப்பவரோ பலர். வானத்தில் வெளிச்சம் மிச்சமிருப்பதால் நமக்குப் பாதை தெரிகின்றது. ஆகவே விளக்கு வேண்டாம் என்று நினைக்கின்றோம். நம்மை எதிரே வருபவனுக்குத் தெரிகின்றதா என்பதை நினைப்பதில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கதிரவன் மறைந்து அரை மணி நேரம் சென்றபின் விளக்குகள் கட்டாயம் எரிய வேண்டும் என்கின்றன; வெளிச்சம் போதாத வேளையிலும் அப்படியே. அந்த அரை மணி என்பது சட்டம் தரும் கடைசித் தவணை. அதுவரை காத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாப்பேட்டைக்கு அருகே, சாம்பல் நிறச் சட்டையும் கறுப்பு வண்டியுமாக ஒருவர் விளக்கின்றி எதிரே வந்தார். அவர் முப்பதடி தூரத்தில் வந்த பிறகே, அங்கே ஒருவர் வருகின்றார் என்பது புலப்பட்டது. சாலையும் சாம்பல், வானமும் சாம்பல், அவரும் சாம்பல்.

டெல்டா மாவட்டச் சாலைகளுக்கே உரிய இடையூறு ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அறுவடைக் காலத்தில் நெல்லைச் சாலையிலேயே காயப்போடுகின்றார்கள். உழவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஈர நெல்லை வைத்துக்கொண்டு அவர் வேறெங்கே போவார்? ஆனால் இரவில் அந்த நெல்லைக் குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி, ஓரங்களில் கருங்கற்களை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகின்றார்கள். கறுப்புச் சாலையில் கறுப்புக் குவியல்! போதாக்குறைக்கு, பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர்கள் வேறு. நண்பரின் வண்டி முன்னே சென்று அத்தகைய குவியல் ஒன்றைச் சுற்றி வளைந்திராவிட்டால், அது குவியலா சாலையின் நிழலா என்று நாம் நின்று பார்த்திருக்க வேண்டியிருக்கும்.

நீடாமங்கலத்தில் இரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டில் நின்று சலிக்காத தஞ்சை மாவட்டத்துக்காரர் இருக்கமாட்டார். இருபது நிமிடம் நின்றோம். அந்த இருபது நிமிடம் நமக்கு ஒரு பாடசாலையாகவே அமைந்தது. வண்டிகள் எல்லாம் என்ஜினை அணைத்து நின்றன, விளக்குகளும் அணைந்தன. இரயில் கடந்து கேட் திறந்ததும் ஒரே பாய்ச்சல். புதிய வண்டிகளில் என்ஜின் இயங்கியதும் முகப்பு விளக்கு தானே எரிகின்றது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வரும் இரு சக்கர வண்டிகளுக்கு அதுவே விதி. அவற்றில் விளக்கை அணைக்கும் சுவிட்சே கிடையாது. ஆனால் நம் ஊர்களில் வண்டிகள் இலேசில் மாள்வதில்லை. தந்தை ஓட்டிய வண்டியை மகன் ஓட்டுகின்றான். மாமன் விற்றதை மைத்துனன் வாங்குகின்றான். அந்தப் பழைய வண்டிகளில் விளக்கு எரிவது ஓட்டுபவனின் நினைவைப் பொறுத்தது. கேட்டைச் சுற்றிலும் கடைகளின் வெளிச்சம், மேலே மின்கம்பத்து விளக்கு. தன் விளக்கு எரியவில்லை என்பதை அங்கே யார் உணர்வார்? நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூவர் அவ்வாறு புறப்பட்டுப் போனார்கள். ஊர் வெளிச்சம் முடியும் இடத்தில் அவர்களுக்கு நினைவு வந்திருக்கும் என்று நம்புகின்றோம்.

வெண்ணாறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலத்தைக் கடந்தால் உண்மையான இருள். கொரடாச்சேரியை நெருங்கும்போது முதன்முதலாக ஒரு யாத்திரைக் கூட்டத்தைக் கண்டோம். முன்னே ஒரு சிறிய தேர். நான்கு சக்கரங்கள் மீது பூ அலங்காரம், நடுவே அன்னையின் திருவுருவம், சுற்றிலும் வண்ண விளக்குகள், பின்னே உறுமும் ஜெனரேட்டர். அதன் பின்னால் காவி உடுத்திய ஆண்களும் பெண்களும் செபமாலை சொல்லியபடி வந்தார்கள். தேர் அரை மைலுக்கு அப்பாலிருந்தே தெரிகின்றது. ஆனால் தேரின் ஒளி முன்னாலும் பக்கங்களிலும் விழுகின்றதேயன்றி, கூட்டத்தின் வால்பகுதிக்கு எட்டுவதில்லை. களைத்தவர்கள், முதியவர்கள், குழந்தையைத் தோளில் போட்டவர்கள் எல்லாரும் அந்த வால்பகுதியில்தான் இருக்கின்றார்கள். காவி நிறமும் பகலில் எடுப்பானதே தவிர, இரவில் மண்ணோடு மண்ணாக மங்கிவிடுகின்றது.

கூட்டத்தின் கடைசியில் அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர், சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் விளக்கைப் பின்புறமாகத் தொங்கவிட்டபடி நடந்தார். வண்டியை ஓரங்கட்டி அவரோடு சிறிது தூரம் உருட்டிக்கொண்டே சென்றோம். மணப்பாறைப் பக்கத்திலிருந்து நான்கு நாள்களாக நடக்கிறார்களாம். பின்காவல் அவர் பொறுப்பு. சாலையில் நடப்பவர்கள் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்புறம் நடப்பதே முறை. ஆனால் தேரைத் தள்ளிக்கொண்டு போவதால் இவர்கள் இடப்புறமாகவே செல்ல வேண்டியிருக்கின்றது. பலருடைய பையின் முதுகில் ஒளிரும் பட்டைகள் ஒட்டியிருந்தன. வழியில் காவலர்கள் ஒட்டிவிட்டவை என்றார்.

அந்தப் பட்டையைப் பற்றி நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அதற்குத் தனியே ஒளி கிடையாது. அதில் பதித்த மிகச்சிறு கண்ணாடி மணிகள், விழுகின்ற வெளிச்சத்தை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. வண்டிக்காரனின் விளக்குதான் அவர்கள் முதுகில் சுடர்கின்றது. சாலை நடுவே பதித்த பிரதிபலிப்பான்கள், ஓரத்து வெள்ளைக்கோடு, புளியமரங்களின் அடியில் நெடுஞ்சாலைத் துறையினர் பூசிய சுண்ணாம்புப் பட்டை, நின்றுபோன லாரியின் பின்புறச் சிவப்பு வில்லை அனைத்தும் நம் விளக்கிடம் கடன் வாங்கி ஒளிர்பவையே. நம் ஒரு விளக்கு எரியாவிட்டால் இந்த நூறு விளக்குகளும் ஒருசேர அணைந்துவிடுகின்றன. நடப்பவனோ தன் முதுகில் பட்டை இருக்கின்றது என்று நம்பிக்கொண்டு நடக்கின்றான்!

பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு வண்டியின் ஓசை கேட்டது. பெரியவர் திரும்பிப் பார்த்தார், நாமும் பார்த்தோம். ஓசைதான் வந்தது, வண்டியைக் காணோம். “சத்தம் கேக்குது தம்பி, எங்கிட்டு வர்றான்னு தெரியலையே” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், விளக்கில்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று நமது வண்டியை ஒட்டிப் பாய்ந்து, முன்னே சென்ற ஓர் அம்மாளின் தோளில் இருந்த போர்வை மூட்டையைத் தட்டிவிட்டு, தள்ளாடி, இருபது கஜம் தள்ளி நின்றது. மூட்டை வாய்க்கால் ஓரம் விழுந்தது. அம்மாளின் மறு கையைப் பிடித்து நடந்த பேரக்குழந்தை வாய்க்கால் பக்கமாக இருந்தது. கை மாறியிருந்தால்?

“மாதாவே!” என்ற ஒரே சொல் பத்துப் பதினைந்து வாய்களிலிருந்து எழுந்தது. ஓட்டி வந்த இளைஞர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அடிக்கக் கை ஓங்கியவர்களும் உண்டு. பெரியவர் தடுத்து, “லைட்டு எங்கேப்பா?” என்று மட்டும் கேட்டார். “பல்பு போயிருச்சுங்க ஐயா. மூணு நாளாச்சு. நாளைக்கு மாத்திரலாம், நாளைக்கு மாத்திரலாம்னு...” இளைஞரின் குரல் நடுங்கியது. அரிசி ஆலை ஒன்றில் வேலை முடிந்து திருவாரூருக்குத் திரும்புகின்றவர். தினமும் போய்வரும் பாதை. கண்ணை மூடிக்கொண்டும் போவேன் என்றிருக்கின்றார். பாதை அவருக்குத் தெரிந்ததுதான். ஆனால் நேற்றைய பாதையில் இந்த அம்மாள் இல்லையே!

வேகத்தின் கணக்கை இங்கே சற்றுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகின்றது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி. அதற்குள் 25 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்தபின் நிற்க இன்னும் இருபது மீட்டருக்கு மேல். டிம் வெளிச்சத்தில், கருமையான உடை அணிந்தவர் முப்பது நாற்பது மீட்டருக்குள் வந்த பிறகே நன்றாகத் தெரிகின்றார். அதாவது நல்ல விளக்கு இருக்கும்போதே 60 என்பது இந்தச் சாலைக்கு மிகை. 40 கிலோமீட்டரில் சென்றால் முப்பது மீட்டருக்குள் நிறுத்திவிடலாம். விளக்கே இல்லாதவனுக்கு எந்தக் கணக்கும் உதவாது.

இளைஞரைத் தனியே விட மனமில்லை. நண்பர் முன்னே செல்ல, இளைஞர் நடுவே வர, நாம் பின்னே நம் வெளிச்சத்தை அவர் பாதையில் படவிட்டபடி, மெதுவாகத் திருவாரூர் சேர்ந்தோம். வழியில் எதிரே வந்த கார்கள் சில, பிரைட் வெளிச்சத்தைத் தணிக்காமலேயே கடந்தன. இக்காலத்து எல்.இ.டி. விளக்குகளின் வெண்மை கண்ணை ஊசியாய்க் குத்துகின்றது. கடந்தபின் சில விநாடிகள் இருள் திரை. வயதானவர்களுக்கு அது இன்னும் நீளும். அவ்வேளையில் எதிர் விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது ஓரக் கோட்டைப் பார்த்துச் செல்ல வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லித் தரும் உபாயம். முன்னாளில் கார் விளக்கின் மேற்பாதியில் கறுப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். விளக்கின்றிச் சைக்கிளில் சென்றவனைப் போலீஸ்காரர் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிட்ட காலமும் அதுதான். டைனமோ இல்லாதவர்கள் ஒரு கையில் டார்ச்சைப் பிடித்தபடி ஓட்டினார்கள். வேகம் குறைவாக இருந்த அக்காலத்தில் விளக்குக்கு இருந்த மரியாதை இப்போது இல்லை என்றே தோன்றுகின்றது.

திருவாரூர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகே மெக்கானிக் கடை ஒன்று திறந்திருந்தது. மெக்கானிக் பழைய பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, டிம் இழை போயி ரொம்ப நாளாச்சு. பிரைட்டுலேயே ஓட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. இப்ப அதுவும் போச்சு” என்றார். பல்புக்குள் இரண்டு இழைகள். ஒன்று தணிந்த ஒளிக்கு, மற்றது உயர்ந்த ஒளிக்கு. ஒன்று போனால் மற்றதை வைத்து ஒப்பேற்றுபவர் பலராம். அவர்கள் எதிரே வருபவர் கண்ணைக் கூசவைத்துக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டுகின்றார்கள். புதிய பல்பைப் பொருத்தப் பத்து நிமிடம் ஆயிற்று. விலை ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோலின் விலை. இளைஞர் விளக்கை எரியவிட்டு, எதிர்ச்சுவரில் விழுந்த வெளிச்சத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “அந்த அம்மாவை வேளாங்கண்ணியில பார்த்தீங்கன்னா மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க ஐயா” என்றார். பார்த்தால் சொல்கிறோம் என்றோம்.

கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம் என்று மிச்ச வழி நீண்டது. வழியெங்கும் கூட்டங்கள், ஒவ்வொரு கூட்டத்தின் கடைசி ஆளையும் இப்போது நம் கண் தேடிற்று. சிலர் சிவப்பு விளக்கு வைத்திருந்தனர்; சிலர் வைத்திருக்கவில்லை. நாகையைத் தாண்டியதும் கடற்காற்று முகத்தில் உப்பைப் பூசியது. இரவு பதினொரு மணிக்கு வெண்ணிறக் கோபுரங்கள் விளக்கொளியில் தெரிந்தன.

இரண்டாம் நாள் காலை பகல் வெளிச்சத்தில் திரும்பினோம். நமது வண்டி 2017க்குப் பிந்தியது. விளக்கு எரிந்துகொண்டே வந்தது. சிக்கலுக்கும் திருவாரூருக்கும் இடையில் மட்டும் நான்கு பேர், எதிரே வருகையில் கையை உயர்த்தி, விரல்களை விரித்தும் மடக்கியும், “உங்கள் விளக்கு எரிகின்றது, அணையுங்கள்” என்று சைகை காட்டினார்கள். முன்பின் அறியாதவர்கள், நமது பாட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்னும் கவலை அவர்களுக்கு. நான்கு பேருக்கும் கை உயர்த்தி நன்றி சொன்னோம். ஐந்தாவதாகச் சைகை காட்டியவர் பள்ளிச் சிறுவன் ஒருவன். தந்தையின் வண்டியில் முன்னே அமர்ந்திருந்தான்.