அப்படியே இருக்கிறேனா?



போன மாதம் 1998 பேட்ச் பெண்கள் நடத்திய சந்திப்புக்குப் போய்வந்த படங்களை இங்கே போட்டிருந்தேன். அறுபதுக்கு மேல் கருத்துகள். பாதிக்கு மேல் ஒரே வரி: "டீச்சர், அப்படியே இருக்கீங்க!" எல்லாவற்றுக்கும் இதயம் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

நான் அப்படியே இல்லை. 2010-ல் அறுவை சிகிச்சை செய்து என் முகத்தை இழுத்துத் தைத்துக்கொண்டேன். ஃபேஸ்லிஃப்ட் என்பார்கள். என் மகனுக்கும் மகளுக்கும், சென்னையில் இருக்கும் சித்தி மகளுக்கும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. இன்றைக்கு உங்களுக்கும் சொல்லப்போகிறேன். பதிவு நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

2008-ல் சார் போனது உங்களில் பலருக்குத் தெரியும். அடுத்த ஒரு வருடத்தில் 74 கிலோவிலிருந்து 56 கிலோவுக்கு வந்துவிட்டேன். உடம்பு இளைத்தது. முகத்தில் சதை போய் தோல் மட்டும் நின்றது. கன்னம் இறங்கித் தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்கியது. அப்போது எனக்கு 53 வயது. ஸ்டாஃப் ரூமிலும் பஸ்ஸிலும் பேங்கிலும் பார்க்கிறவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். நான் அழாத நேரத்திலும் என் முகம் அழுதுகொண்டிருந்தது. அந்த முகத்தோடு தினமும் ஆறு பீரியட் நின்று பாடம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை.

நகைச் சீட்டு முதிர்ந்த பணம் இருந்தது. மே மாத விடுமுறையில் சென்னை போய் மாம்பலத்தில் சித்தி மகள் வீட்டில் தங்கி, செய்துகொண்டு வந்துவிட்டேன். நெற்றியோரத்தில் தொடங்கி காதின் முன்பக்கமாக இறங்கி, காதைச் சுற்றிப் பின்பக்க முடிக்குள் போகும் தையல். மூன்று வாரம் முகம் ஊதி, நீலம் பாரித்து, பிறகு மஞ்சளாகிக் கிடந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ஸில் திருச்சி திரும்பினேன். பள்ளியில் கேட்டவர்களிடம் சைனஸ் ஆபரேஷன் என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? புருஷன் செத்து இரண்டு வருடம் ஆகவில்லை, அதற்குள் இவள் மூஞ்சியை அழகுபண்ணிக்கொள்ளப் போய்விட்டாள் என்று ஊர் சொல்லும். உறவிலும் சொல்வார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நிச்சயம் சொல்லியிருப்பீர்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ப்ளஸ் டூ பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "டீச்சர், பளிச்சுனு ஆயிட்டீங்களே, என்ன பண்ணீங்க?" நான் சிரித்துக்கொண்டே, "தினமும் பப்பாளி சாப்பிடு, முகத்திலும் தேய்" என்றேன். வகுப்பே சிரித்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் சத்திரம் பேருந்து நிலையத்தில் அந்த வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள். துப்பட்டாவை மூக்குவரை சுற்றியிருந்தாள். விலக்கியபோது கன்னமெல்லாம் சிவந்து, தோல் மெலிந்து, இழை இழையாக ரத்தக்குழாய் தெரிந்தது. "பப்பாளி தேச்சுப் பார்த்தேன் டீச்சர், ஒண்ணும் ஆகல. அப்புறம் மெடிக்கல் ஷாப்ல ஒரு க்ரீம் குடுத்தாங்க. முதல் மாசம் நல்லா இருந்துச்சு. நிறுத்தினா எரியுது, அதனால நாலு வருஷம் போட்டேன்." ஸ்டீராய்டு கலந்த க்ரீம். மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாதது. உன்னால்தான் என்று அவள் சொல்லவில்லை. அன்போடுதான் பேசினாள். ஆனால் ஒரு முகம் பழத்தால் மாறும் என்று ஒரு விலங்கியல் ஆசிரியை வகுப்பில் நின்று சொன்னால், அடுத்து க்ரீமால் மாறும் என்று நம்புவதற்கு எவ்வளவு தூரம்? அவளை நல்ல தோல் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். இப்போது பரவாயில்லை. ஆனால் உண்மையை அவளிடமும் நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். மன்னித்துக்கொள், கண்ணு.

இனி இப்போதைய கதை. எனக்கு 69 முடியப்போகிறது. இழுத்துத் தைத்த முகம் மறுபடி இறங்கிவிட்டது. ஏழு முதல் பத்து வருடம் நிற்கும் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். பதினைந்து ஓடிவிட்டது. மேல் இமைத் தோல் மடிந்து கண்ணை மறைக்கிறது. படிக்கும்போது புருவத்தைத் தூக்கித் தூக்கி சாயங்காலத்துக்குள் நெற்றி வலி. கண்ணுக்காகத்தான் மறுபடி மருத்துவரைப் பார்க்கப் போனேன் என்று எழுதினால் அதுவும் பப்பாளிதான். சந்திப்புப் படத்தில் நான் முதலில் தேடியது உங்கள் முகங்களை அல்ல, என் தாடையை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போன இடத்தில் பிளாஸ்டிக் சர்ஜன் யார் என்று நினைக்கிறீர்கள்? உங்களில் ஒருத்தி. பெயர் எழுதக் கூடாது என்று கட்டளை. நாற்காலியில் நான் உட்கார, அவள் நின்றுகொண்டே பேசினாள். "உக்காரும்மா" என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதலில் கேட்டது, "டீச்சர், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கா?" இருந்தது. பீரோவில், பழைய ரெக்கார்டு நோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். எந்த அடுக்கில் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் மறுபடி கை வைப்பது ஆபத்து என்றாள். உங்களில் யாருக்காவது எந்த அறுவை நடந்திருந்தாலும் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

அவள் விளக்கியதை என் பாணியில் சொல்கிறேன். முகம் ஓர் இலவம்பஞ்சுத் தலையணை. உறைதான் தோல். பஞ்சுதான் கொழுப்பு. அதற்குக் கீழே நார்த்திசுவும் மெல்லிய தசையும் சேர்ந்த ஒரு படலம். ஸ்மாஸ் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 1976-ல் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அதை விவரித்த பிறகுதான், தோலை மட்டும் இழுக்காமல் அந்தப் படலத்தையும் தூக்கிக் கட்டும் முறை பரவியது. எல்லாவற்றுக்கும் அடியில் எலும்பு. வயதானால் உறை தளர்கிறது, பஞ்சு குறைகிறது, எலும்பும் தேய்கிறது. 2010-ல் எனக்கு உறையையும் படலத்தையும் இழுத்துக் கட்டினார்கள். அதற்குப் பிறகு குறைந்தது பஞ்சும் எலும்பும். மறுபடி உறையையே இழுத்தால் என்ன ஆகும்? காற்றில் நிற்பதுபோல் முகம் விரைத்துப்போகும்.

"அப்ப எனக்கு என்னென்ன வழி இருக்கு?" என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னாள்.

இரண்டாவது ஃபேஸ்லிஃப்ட் செய்யலாம். ஆனால் முதல் தடவை வெட்டியெடுத்ததால் மிச்சத் தோல் குறைவு. உள்ளே தழும்பு ஒட்டிக் கிடக்கும். 12 இணைக் கபால நரம்புகளில் ஏழாவது முக நரம்பு என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேனே, அதன் கிளைகள் அந்தத் தழும்புக்குப் பக்கத்தில்தான் ஓடுகின்றன. அடிபட்டால் வாய் கோணலாம், இமை மூடாமல் போகலாம். இந்த அறுவையில் அதிகம் வரும் சிக்கல் தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது. ரத்தக்கொதிப்பு இருந்தால் அது இன்னும் கூடும். எனக்கு பி.பி. மாத்திரையும் உண்டு, இதயத்துக்கான ஆஸ்பிரினும் உண்டு. இதய மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்தவும் கூடாது.

அடுத்து ஃபில்லர். ஹயலூரானிக் அமிலத்தைப் பஞ்சு குறைந்த இடத்தில் ஊசியால் நிரப்புவது. 1934-ல் மாட்டுக் கண்ணின் உள்திரவத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்த பொருள் அது. நம் மூட்டுகளிலும் இருக்கிறது. இடத்தைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் நிற்கும். பிடிக்காவிட்டால் ஒரு நொதியைச் செலுத்திக் கரைக்கலாம். ஆனால் ஊசி ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். பழைய அறுவை நடந்த முகத்தில் இன்னும் நிதானம் வேண்டும். பியூட்டி பார்லரில் சலுகை விலையில் போடுகிறார்கள் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

நம் வயிற்றுக் கொழுப்பையே எடுத்து முகத்தில் வைக்கலாம். வெளிப்பொருள் இல்லை என்பது நல்லது. வைத்ததில் ஒரு பகுதியை உடம்பு உறிஞ்சிவிடும், எவ்வளவு தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

போடாக்ஸ். கெட்டுப்போன டப்பா உணவில் வரும் விஷம் என்று நான் நடத்திய அதே பாக்டீரியாவின் நச்சுதான். நரம்பு தசைக்குச் சொல்லும் செய்தியை மறிக்கிறது. புருவ நடுக்கோடும் கண்ணோரச் சுருக்கமும் மூன்று நான்கு மாதம் மறையும். தொங்கும் தாடையை அது தூக்காது. நூல் போட்டு இழுப்பது ஓராண்டு நின்றால் பெரிது, தழும்பு உள்ள என் முகத்துக்கு வேண்டாம் என்றாள். லேசரும் கெமிக்கல் பீலும் தோலின் மேற்பரப்புக்கு மட்டும். நம் மாநிறத் தோலில் சூடு கொஞ்சம் கூடினாலும் கருந்திட்டு விழும். அதற்குத் தெரிந்த கை வேண்டும்.

கடைசியாக ஒரு வழி சொன்னாள். "ஒண்ணும் பண்ணாம இருக்கலாம் டீச்சர். அதுவும் ஒரு முடிவுதான்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. அப்போது அவள் என் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோடு போடும் இடத்துச் சதை, பழைய தையல் இழுத்து இழுத்து, கன்னத்தோடு ஒட்டிக் கீழே நீண்டுவிட்டது. ஃபேஸ்லிஃப்டுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகுமாம். ஆங்கிலத்தில் பிக்ஸி காது என்கிறார்கள். அந்தக் காதுக்கு இன்னொரு கதையும் உண்டு. அறுவைக்குப் பிறகு பல மாதம் அங்கே உணர்ச்சியே இல்லை. ஒருநாள் பஸ்ஸில் திருகாணி கழன்று தோடு விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. கல்யாணத்துக்கு அம்மா போட்ட ஏழு கல் தோடு. அதற்கும் வீட்டில் ஒரு பொய் சொன்னேன். ஒரு பொய்க்குக் காவலாக எத்தனை பொய்!

இரண்டு வாரம் யோசித்தேன். மகள் வேண்டாம் என்றாள், மகன் உன் இஷ்டம் என்றான். 2010-ல் செய்துகொண்டதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த முகம் என்னை நான்கு வருடம் தலைநிமிர்ந்து வகுப்பெடுக்க வைத்தது. ஒளித்ததுதான் தப்பு. இப்போது வகுப்பு இல்லை. என் தாடையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறவர்களும் இல்லை. இறங்கிய தாடை இறங்கியபடி இருக்கட்டும். அதற்காக ரத்தக்கொதிப்போடு சூதாட மாட்டேன். ஆனால் கண் எனக்கு வேண்டும். வாசிக்க வேண்டிய புத்தகங்கள் அடுக்கில் நிற்கின்றன.

அதனால் இரண்டே இரண்டு வேலை. மேல் இமையில் மடிந்த தோலை எடுப்பது, காதுச் சதையை விடுவித்துச் சரிசெய்வது. இரண்டுக்கும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். கண் மருத்துவர் பார்வைப் புலத்தையும், கண் உலர்ந்திருக்கிறதா என்பதையும் சோதித்து ஒப்புதல் தந்துவிட்டார். இதய மருத்துவரும் பார்த்தாயிற்று. மற்றபடி காலையில் சன்ஸ்கிரீன், இரவில் அவள் எழுதிக் கொடுத்த மருந்து, வெயிலில் குடை.

பெண்களே, முப்பதிலும் நாற்பதிலும் இருக்கிறீர்கள். செய்துகொள்ளுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை. செய்வதானால் தகுதியுள்ள மருத்துவரிடம் போங்கள். எத்தனை வருடம் நிற்கும், அதற்குப் பிறகு என்ன என்று கேளுங்கள். நான் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கவே இல்லை. உங்கள் மகள் "எப்படிம்மா?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

வரும் வியாழக்கிழமை எனக்குச் சிகிச்சை. கண் வீங்கியிருக்கும், ஒரு வாரம் பதிவு எதுவும் வராது. தையல் ஆறும்வரை ஆறு வாரம் தோடு போடக் கூடாதாம். அதனால் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்கு வரும்போது வெறும் காதோடு என்னைப் பார்த்துப் பதறாதீர்கள். தோடு பத்திரமாக பீரோவில் இருக்கிறது. இந்தத் தடவை இரண்டுமே.