பிரியவே பிரியாத ஒன்று

மோகனூர்க்காரனுக்குக் கணக்கு வராது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பக்கத்திலேயே நாமக்கல். ராமானுஜனின் கனவில் வந்து கணக்குச் சொன்ன நாமகிரித் தாயார் அங்கேதான் இருக்கிறார். என் கனவில் மட்டும், பி.காம். முடித்து இத்தனை வருஷமாகியும், டாலி ஆகாத பாலன்ஸ் ஷீட்தான் வருகிறது!

போன மாதம் ஒன்பதாவது படிக்கும் அக்கா பையன் நோட்டோடு வந்தான். "கணக்கு வரலை மாமா. பத்தாவதோட நிறுத்திட்டு லாரி பாடி கட்டுற பட்டறைக்குப் போயிடறேன்."

விசாரித்தால், வில்லன் காரணிப்படுத்துதல். எக்ஸ் மட்டும் இருந்தால் போடுவானாம். கூட ஒய் வந்தால் உதறலாம்.

"மாப்ளே, ஒய் சும்மா கூட வர்ற ஆளு. நம்பரை மட்டும் பாரு" என்று ஒன்று கொடுத்தேன்: 6 எக்ஸ் ஸ்கொயர், ப்ளஸ் 7 எக்ஸ் ஒய், ப்ளஸ் 2 ஒய் ஸ்கொயர். முதலையும் கடைசியையும் பெருக்கினால் 12. பெருக்கினால் 12, கூட்டினால் 7 வரும் ரெண்டு நம்பர்?

"மூணும் நாலும்!"

நடுவிலிருக்கும் 7-ஐ 3, 4 என்று உடைத்து, முதல் ரெண்டில் 3 எக்ஸையும், அடுத்த ரெண்டில் 2 ஒய்யையும் வெளியே எடுத்தான். (2 எக்ஸ் + ஒய்), (3 எக்ஸ் + 2 ஒய்). முடிந்தது.

பின்னே எங்கே சிக்கல்? நோட்டில் ரெண்டு பக்கம் அடித்தல் திருத்தல். எக்ஸ் கியூப் ப்ளஸ் ஒய் கியூபைச் சரியாகவே பிரித்திருக்கிறான்: எக்ஸ் ப்ளஸ் ஒய் ஒரு காரணி, எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் எக்ஸ் ஒய், ப்ளஸ் ஒய் ஸ்கொயர் இன்னொன்று. அதோடு விடாமல் ரெண்டாவதையும் பிரிக்கப் பார்த்திருக்கிறான். பெருக்கினால் 1, கூட்டினால் மைனஸ் 1 வரவேண்டும். அப்படி முழு எண் ஜோடியே கிடையாது!

இதற்கு ஒரு சோதனை உண்டு. நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து, முதல், கடைசி எண்களின் பெருக்கலைப் போல 4 மடங்கைக் கழியுங்கள். முழு வர்க்கம் வந்தால் பிரியும். முதல் கணக்கில் 49-ல் 48 போனால் 1. பிரிந்தது. இதில் 1-ல் 4 போனால் மைனஸ் 3. பிரியாது.

ராமானுஜன் ஹார்டியிடம் சொன்ன 1729-க்குள்ளும் இந்த அடங்காப்பிடாரி இருக்கிறது. எக்ஸ் 12, ஒய் 1 என்றால் 13 × 133. எக்ஸ் 10, ஒய் 9 என்றால் 19 × 91. ரெண்டுமே 1729! அந்த ராமானுஜனும் 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய் குமாஸ்தா. நம்ம கட்சிதான் ஸார்!

"பட்டறைக்குப் போறது தப்பில்லை மாப்ளே. ஆனா பிரியாத கணக்குக்குப் பயந்து போகாதே. அது பிரியலைன்னா தப்பு உன் மேல இல்லை."

"யோசிக்கிறேன் மாமா" என்று போனான். என் பேனாவையும் எடுத்துக்கொண்டு.