வெங்காய மண்டிப் பூனை

திருச்சி காந்தி மார்க்கெட்டில் சம்பளம் வாங்காமல் வேலை பார்ப்பவை பூனைகள்தான். ராத்திரி லாரி வந்து சரக்கு இறங்கும்போது, அடுக்கிய மூட்டைகளின் உச்சியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். “எலிக்கு மருந்து வச்சா மூட்டைக்கு நடுவுல செத்து நாறிப்போயிரும் சார். பூனைன்னா அந்தக் கவலை இல்ல” என்பார் நாங்கள் வாடிக்கையாக வாங்கும் வெங்காய மண்டிக்காரர். மார்க்கெட்டை மாற்றுவதற்கென்று கள்ளிக்குடியில் பெரிய வளாகமே கட்டினார்கள். வியாபாரிகள் போகவில்லை, பூனைகளும் போகவில்லை. அந்த மண்டியில் பிறந்த குட்டி ஒன்று என் மகளின் காய்கறிப் பையில் ஏறி எங்கள் பாலக்கரை வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மண்டியில் பூனையால் யாரும் தும்மி நான் பார்த்ததில்லை. வெங்காயச் சருகுக்கும் மிளகாய் நெடிக்கும் தும்முவது வேறு கணக்கு. எங்கள் வீட்டிலோ, மழைக்காலம் முடிவதற்குள் என் மனைவிக்கு விடிந்ததும் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, சில ராத்திரிகளில் லேசான இழுப்பு. வந்துபோன சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் முடியின் மேல்தான் பழி போட்டார்கள்.

முடி வெறும் வாகனம். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு மார்ஜார நியாயம் தெரிந்திருக்கும். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகிறது, குட்டி தன் பங்குக்கு எதுவும் செய்ய வேண்டாம், பெருமாளின் அருளும் அப்படித்தான் என்று தென்கலையார் சொல்லும் உவமை. வேதாந்தம் கொண்டாடிய அதே வாயிலிருந்துதான் வைத்தியத்தின் சிக்கலும் தொடங்குகிறது. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் ஃபெல் டி 1 என்றொரு புரதம் இருக்கிறது. பூனை தன்னை நக்கி நக்கி அதை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. அது காய்ந்து, தோல் செதிலோடு உதிர்ந்து பறக்கிறது. துகள்களில் கணிசமானவை 5 மைக்ரானுக்கும் சிறியவை. சீக்கிரம் தரையில் படியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூச்சுக்குழாயின் உள்வரைக்கும் போகும். சட்டையில் ஒட்டிக்கொண்டு, பூனையே இல்லாத வீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கூடப் போய்ச் சேரும். முடி கொட்டாத பூனை, அலர்ஜி தராத இனம் என்று விலை சொல்லி விற்பவர்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

மண்டி நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது. எங்கள் வீட்டில் ஏசிக்காக ஜன்னலைச் சாத்தி, சோபா, திரைச்சீலை, கார்ப்பெட், தடி மெத்தை என்று தூசு தங்க எத்தனை வசதி உண்டோ அத்தனையும் செய்து வைத்திருந்தோம். முற்றமும் சிமெண்டுத் தரையும் சுருட்டி வைக்கும் கோரைப்பாயுமாக இருந்த பழைய வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. அதற்காக அந்தக் காலத்தைத் தூக்கிவைத்துப் பேச மாட்டேன். விறகுப் புகை இருந்தது, பரணில் எலி இருந்தது. எலி மூத்திரமும் ஒவ்வாமை தரும் சரக்குதான்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பூனையைக் குளிப்பாட்டினால் சில நாளுக்குக் குறையும், பிறகு பழையபடி ஆகிவிடும். நடுவில் நம் கையெல்லாம் கீறல். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் படிந்தது எழும்பும். ஈர மாப் போடுவதே மேல். சாதாரண வாக்குவம் கிளீனர் பெரிய தூசை இழுத்துக்கொண்டு நுண்துகளைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதும். வாங்குவதானால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக வாங்க வேண்டும். எங்களுடையது கடுவன். ஆபரேஷன் செய்தால் கடுவனுக்கு அந்தப் புரதச் சுரப்பு குறையும் என்பதால் அதையும் முடித்தோம். அக்கம்பக்கத்துப் பெட்டைகளுக்கும் நிம்மதி.

இவை எல்லாவற்றையும் விட நான் நம்புவது படுக்கையறைக் கதவை. தினமும் ஏழெட்டு மணி நேரம் முகம் புதைத்துக் கிடக்கும் இடத்தில் பூனைக்கு அனுமதி இல்லை என்றால், மற்ற செலவில் பாதியை ஒத்திப்போடலாம். சொல்ல எளிது. மகள் அழுதாள், பூனை கதவைப் பிறாண்டியது, நான் இரண்டு தரப்புக்கும் வில்லனானேன். கார்ப்பெட்டைச் சுருட்டிக் கொடுத்துவிட்டோம். தலையணை உறையும் விரிப்பும் வாராவாரம் கொதிநீர்ச் சூட்டில் அலசப்படுகின்றன. 55 டிகிரிக்கு மேல் போனால் தூசிப்பூச்சி செத்துவிடும்.

தூசிப்பூச்சி இங்கே ஏன் வருகிறது என்றால், நம் தோல் செதிலும் பூனையின் செதிலும்தான் அதற்குச் சாப்பாடு. ஈரப்பதம் இருந்தால் பெருகும். ஐப்பசி கார்த்திகையில் மெத்தை அதற்கு மாளிகை. திருச்சி வெயிலை எல்லாரும் திட்டுகிறோம். மொட்டை மாடியில் இலவம்பஞ்சு மெத்தையைக் காயப்போடும்போது மட்டும் நான் அதன் கட்சி. தட்டி உதறும் வேலையை மட்டும் தும்முகிறவரிடம் கொடுக்கக் கூடாது.

பூனையைத் திரும்ப மண்டியில் விட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. விட்டாலும் அந்தப் புரதம் சோபாவிலும் சுவரிலும் மாதக்கணக்கில் தங்கும். நாலைந்து மாதம் கழித்துத்தான் பூனையில்லா வீட்டின் அளவுக்கு இறங்கும். பூனையை விடுவதற்கு முன்பு தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொன்னார் டாக்டர். பூனையா, தூசிப்பூச்சியா, கரப்பானா என்று பிரித்துச் சொல்லும் என்றார். மனைவியின் முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் பூனைக்கும் தூசிப்பூச்சிக்கும் தடித்தது. கரப்பானுக்கு அதைவிடப் பெரிதாக. இப்போது ராத்திரியில் அடுப்படி ஈரமில்லாமல் துடைக்கப்படுகிறது, குப்பைக்கூடைக்கு மூடி வந்திருக்கிறது. கடுவனும் ஹாலில் ஒன்றிரண்டு கரப்பானைப் பிடித்துப் போடுகிறது.